இணைச்சீர் இருந்த ஃபோல்டர்

கல்யாண வீடியோ எடிட் பண்றவங்களை ஊர்ல யாருக்கும் தெரியாது. தப்பு நடந்துச்சுன்னா மட்டும் தெரு விசாரிச்சுட்டு வந்துடுவாங்க.

உங்கள்ல யாராவது நாற்பது வயசை நெருங்கற நேரத்துல ஒரு புது சாஃப்ட்வேருக்கு முன்னால உட்கார்ந்து முழிச்சிருந்தா, நான் சொல்றது சட்டுனு புரியும். என் பேர் ஸ்டெல்லா. பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு பம்ப் கம்பெனியில பதினோரு வருஷம் டெஸ்பாட்ச் செக்‌ஷன்ல இருந்தேன். வர்ற சரக்கை உள்ளே எடுக்கறது, போற சரக்கை வெளியே அனுப்பறது, சீட்டு எழுதறது. அந்த செக்‌ஷனையே மூடிட்டாங்க. மெயின் ரோட்டுல ஸ்டுடியோ வெச்சிருக்கற துரைசாமி அண்ணன்கிட்ட இருந்த எடிட்டர் அப்பத்தான் சென்னைக்குப் போயிருந்தாரு. முகூர்த்த சீசன் தலைக்கு மேல. "கம்ப்யூட்டர் முன்னால அசையாம உக்காரத் தெரியுமா அம்மிணி?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. தெரியும்னேன். வேலை கிடைச்சிருச்சு.

கத்துக்குடுக்க ஆள் கிடையாது. யூடியூப்ல ஒருத்தன் "இது ரொம்ப சிம்பிள்"னுதான் ஆரம்பிப்பான். அவன் முடிக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருக்கும். மூணு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப வேலை தெரியும். தெரியாத காலத்துல பண்ணினதைத்தான் சொல்லப்போறேன். முதல் ரெண்டு மூணு விஷயத்துக்கு நீங்க தாராளமா சிரிக்கலாம். நானும் சிரிச்சிருக்கேன்.

பிளேடு படம்

முதல்ல கைக்கு வந்தது ஒரு புதுமனை புகுவிழா. வீடியோவைக் கொண்டுவந்து கீழே இருக்கற நீளப் பட்டையில, அதைத்தான் டைம்லைன்னு சொல்றாங்க, அங்க போடற வரைக்கும் சமாளிச்சுட்டேன். ஓரத்துல சின்னச் சின்னப் படங்கள். அம்புக்குறி ஒண்ணு, கை ஒண்ணு, சவரப் பிளேடு மாதிரி ஒண்ணு. பிளேடை ஒரு தடவை அமுக்கினா, திரும்பவும் அம்புக்குறியை அமுக்கற வரைக்கும் நம்ம கையில பிளேடுதான் இருக்கும்ங்கறது எனக்கு எப்படித் தெரியும்? நகர்த்தலாம்னு தொட்டேன், வெட்டிருச்சு. என்ன ஆச்சுன்னு பார்க்கத் தொட்டேன், அங்கேயும் வெட்டிருச்சு. பயத்துல நாலு இடத்துல தொட்டேன். கேட்கணுமா?

மத்தியானத்துக்குள்ள அந்த வீடு நூத்துக்கணக்கான துண்டாப் போச்சு. ஒட்டவெக்கிறேன்னு அதுகளை இடம் மாத்தி வேற வெச்சேன். பால் பொங்கி வழிஞ்ச பிறகு அடுப்பு மூட்டறாங்க, சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து பந்தியில உட்கார்றாங்க. துரைசாமி அண்ணன் எனக்குப் பின்னால வந்து நின்னு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, கொஞ்ச நேரம் பார்த்தாரு. "ஏம்மிணி, உன்னைய வெட்டச் சொன்னனா, கொத்து புரோட்டா போடச் சொன்னனா?"

வாய் ஒருத்தருது, குரல் ஒருத்தருது

அடுத்தது அந்தியூர்ல நடந்த ஒரு நிச்சயதார்த்தம். நடுவுல கேமரா ஆடற இடம், யாரோ முதுகு மறைக்கற இடம் எல்லாத்தையும் பொறுக்கிப் பொறுக்கி வெட்டி, இடைவெளியை நெருக்கி மூடினேன். எனக்கே பெருமையா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் தெரியாது: படத்துக்கு ஒரு பட்டை, சத்தத்துக்கு ஒரு பட்டை. நான் படத்தை மட்டும் வெட்டி நெருக்கிட்டு, சத்தத்தை அது இருந்த இடத்துலயே விட்டுட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா விலகி விலகி, கடைசியில ஒருத்தர் பேசி முடிச்சு மைக்கை அடுத்தவர்கிட்டக் குடுத்த பிறகுதான் முதல் ஆளோட குரல் வருது.

முழுசா ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கலை. முதல் அஞ்சு நிமிஷம் பார்த்தேன், சரியா இருந்துச்சு, குடுத்து அனுப்பிச்சுட்டேன். மூணாம் நாள் அந்த வீட்டம்மா போன் பண்ணினாங்க. கோபமே இல்லை, அவ்வளவு பதவிசா பேசினாங்க. "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு வாயைத் தெறந்தா எங்க மாமியா குரலு வருதுங்க, நெசமும் அதுதானுங்க, இருந்தாலும் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் பார்க்கறதுங்களே, மாத்திக் குடுத்துருங்க."

நட்சத்திரம்

ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போறப்ப பூ கொட்டற மாதிரி, பக்கம் புரட்டற மாதிரி நூறு வித்தை அந்த சாஃப்ட்வேர்ல இருக்கு. ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்ற பைத்தியம் எனக்கும் வந்துச்சு. ஒரு கல்யாணத்துல தாலி கட்டற இடத்துல ரெண்டு கேமராப் படமும் சேருது. அங்க ஒரு பெரிய தங்க நட்சத்திரத்தைச் சுத்த விட்டேன். அது சுத்தி முடிக்கறதுக்குள்ள மூணு முடிச்சும் விழுந்துருச்சு. அசல் வீடியோ இருந்ததால நட்சத்திரத்தை எடுத்துட்டு மறுபடி போட்டுக் குடுத்துட்டேன். அசல் இருக்கற வரைக்கும் இந்தத் தொழில்ல எந்தக் கிறுக்குத்தனத்தையும் திருத்திடலாம். ஆனாலும் பெண்ணோட அண்ணன் போன்ல சொன்னது மனசுல நின்னுபோச்சு. "பந்தியைக் கவனிக்கப் போயிட்டேனுங்க, தங்கச்சிக்குத் தாலி ஏறறதை வீடியோவுலதான் பார்க்கோணும்னு இருந்தேன், நீங்க அதுல நட்சத்திரத்தை உட்டுப்போட்டீங்களே."

பொத்தின கை

இதுக்கு மேல சிரிப்பு கொஞ்சம் குறையும்ங்க.

பல்லடத்துப் பக்கத்துல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார்த்தி எங்க ஊர்ல ஒரு பட்டறையில வேலை. எங்க கேமராமேன் குமரேசனுக்குக் கூட்டாளி. அப்படித்தான் அந்த ஆர்டர் வந்துச்சு. இந்தப் பக்கத்துக் கல்யாணங்கள்ல இணைச்சீர்னு ஒரு சீர் உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால மாப்பிள்ளையும் அவரோட கூடப்பிறந்தவளும் சேர்ந்து நிப்பாங்க. மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையோட ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவ பிடிச்சுக்குவா. கூடப்பிறந்தவளுக்கு அன்னைக்கு இருக்கற மரியாதை தனி. நான் வேதக்கோயிலுக்குப் போற கிறிஸ்தவக் குடும்பம், எங்கள்ல இதெல்லாம் இல்லை. அதனால குமரேசன்தான் உட்கார வெச்சு விளக்கினான்.

கார்த்திக்கு ஒரே அக்கா, சாந்தாமணி. கணவர் விபத்துல போய் நாலு வருஷம் ஆகியிருந்துச்சு. புருஷன் இல்லாதவ இணைச்சீர் நிக்கறதான்னு உறவுல ஒரே பேச்சு. ஒண்ணுவிட்ட தங்கச்சி யாரையாவது நிறுத்திக்கோன்னு சொல்லியிருக்காங்க. அவங்க அம்மாவே அழுது, "ஊர் பேசுமே சாமி, வேண்டாம்"னு கெஞ்சியிருக்காங்க. எங்கக்கா நின்னாத்தான் கல்யாணம்னு கார்த்தி பிடிச்ச பிடி விடலை.

அந்தக் காட்சியை நான் பார்த்தேன். அரக்குப் பட்டு கட்டி, சேலை முனையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, அந்த அக்கா நிமிர்ந்து பார்க்காம நிக்கறாங்க. குமரேசன் கேமராவை மெதுவா கீழே திருப்பியிருந்தான். அங்க அவங்க அம்மா. பக்கத்துல பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா குனிஞ்சு அவங்க காதுல என்னமோ சொல்ல வர்றாங்க. இவங்க திரும்பக்கூட இல்லை. மேடையிலிருந்து கண்ணை எடுக்காம, கையைத் தூக்கி அந்தப் பச்சைச்சேலை வாயைப் பொத்திட்டாங்க! பொத்தினபடியே, மக நிக்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. எனக்கு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். குமரேசன் கிளம்பறப்ப வாசல்லயே நின்னு சொன்னான்: "ஒண்ணாம் நம்பர் கேமராவும் போட்டோக்காரரும் அந்நேரம் பொண்ணு அழைப்புக்குப் போயிட்டாங்கக்கா, இணைச்சீரு இந்த ஒரு கேமராவுலதான் இருக்குதுங்க, முகூர்த்தம் போனாலும் இது மட்டும் பதனம்ங்க, பத்திரமா வெச்சுக்கங்க."

சிவப்புத் திரை

சீசன்ல எங்க வழக்கம் இது: குமரேசன் மெமரி கார்டுல இருக்கறதை ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர்ல கொட்டிட்டு, கார்டைச் சுத்தமா அழிச்சு, அன்னைக்கே அடுத்த மண்டபத்துக்குக் கொண்டுபோயிடுவான். நான் அந்த ஃபோல்டரை சாஃப்ட்வேருக்குள்ள இம்போர்ட் பண்ணுவேன். இம்போர்ட்னா என்ன? இறக்குமதி. பதினோரு வருஷம் டெஸ்பாட்ச்ல இருந்தவளுக்கு அதைச் சொல்லித்தரணுமா? சரக்கு குடோனுக்குள்ள வந்துருச்சுன்னா வெளியே வாசல்ல ஒண்ணும் இருக்காது, இருக்கவும் கூடாது. சாஃப்ட்வேருக்குள்ள இணைச்சீர் இருக்கு, முகூர்த்தம் இருக்கு, எல்லாம் வரிசையா படத்தோட தெரியுது. அப்புறம் வெளியே இருக்கற ஃபோல்டர் எதுக்கு?

டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு அன்னைக்குக் காலையிலிருந்தே கம்ப்யூட்டர் கத்திட்டு இருந்துச்சு. சாஃப்ட்வேரை மூடிட்டு, பெரிசா எது இருக்குன்னு பார்த்தேன். ரெண்டாம் நம்பர் கேமரா ஃபோல்டர், குமரேசன் எடுத்தது. நிரந்தரமா அழிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். காலியான இடத்துல உடனே அடுத்த கல்யாணத்தைக் கொட்டினேன். வாசலைக் கூட்டி வெச்ச திருப்தியோட டீ குடிச்சுட்டு வந்து சாஃப்ட்வேரைத் திறந்தேன். திரை பூரா சிவப்பு. நடுவுல மீடியா ஆஃப்லைன்னு எழுத்து. ரெண்டாம் நம்பர் கேமராப் படத்துல அம்புக்குறியை எங்க வெச்சாலும் சிவப்பு. உள்ளே இருந்தது சரக்கே இல்லைங்க, சரக்கு எங்க இருக்குன்னு எழுதின சீட்டு மட்டும்தான். சரக்கு அந்த ஃபோல்டர்லதான் இருந்திருக்கு. பதினோரு வருஷம் சீட்டு எழுதினவளுக்கு அது தெரியலையே மாதாவே!

துரைசாமி அண்ணன் டிஸ்கைக் கழட்டிக்கிட்டு காந்திபுரத்துல அழிஞ்சதை மீட்டுக் குடுக்கற கடைக்கு ஓடினாரு. மேல வேற கல்யாணம் விழுந்துட்டதால பாதிதான் மீண்டுச்சு. இணைச்சீர் வரவே இல்லை. மண்டபத்துல யாராவது செல்போன்ல எடுத்திருப்பாங்க, கேட்டிருக்கலாம். கேட்டா விஷயம் தெரிஞ்சுபோயிடும்னு கேட்கலை. இதைத்தான் இன்னைக்கு வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியலை. குமரேசன் ஒரு வாரம் என்கூடப் பேசலை. அண்ணன் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வந்து சொன்னாரு: "கேட்டா கேமராக் கோளாறுன்னு சொல்லிக்கலாம், அவிங்களாக் கேக்கற வரைக்கும் நீ வாயைத் தெறக்காதே அம்மிணி."

பல்லடத்துலிருந்து ரெண்டு பஸ்

பெண் அழைப்பு முடிஞ்சதும் நேரா முகூர்த்தம் வர்ற மாதிரி ஒட்டி, நல்ல நாதஸ்வரமாப் போட்டுக் குடுத்துட்டோம். கார்த்தி ஒண்ணும் கேட்கலை. தப்பிச்சோம்னு இருந்தேன். இருபது நாள் கழிச்சு ஒரு முற்பகல்ல, ரெண்டு பஸ் மாறி, சாந்தாமணி அக்காவே ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. அண்ணன் வெளியே போயிருந்தாரு. கைக்குட்டையில சுத்தி பென்டிரைவைக் கொண்டுவந்திருந்தாங்க. தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டு, "மூணு தடவை போட்டுப் பார்த்தேனுங்க, இணைச்சீரு வரலீங்க"ன்னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க. "எங்கம்மா வெட்டச் சொல்லிட்டாங்களாங்க?"

அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேமராக் கோளாறுன்னு அண்ணன் சொல்லிக்குடுத்த பொய்யையாவது சொல்லியிருக்கலாம். அது இதைவிட எவ்வளவோ மேல். நான் திரையைப் பார்த்துக்கிட்டே, "வீட்டுக்காரங்க சொல்றதைத்தானுங்க நாங்க செய்வோம்"னு சொன்னேன். பாருங்க எவ்வளவு கெட்டிக்காரத்தனம், அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை! அந்த அக்கா பென்டிரைவைத் திரும்பக் கைக்குட்டையில சுத்தினாங்க. நாலு மடிப்பா மடிச்சுச் சுத்தினாங்க. எழுந்து நின்னு, எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி சொன்னாங்க: "உங்க மேல தப்பில்லீங்க, நீங்க பொழைக்க வந்தவங்க, சொன்னதைத்தான செய்ய முடியும்."

ஒரே பிரேம்

ரெண்டு வருஷம் போச்சு. நான் வேலை கத்துக்கிட்டேன். இப்ப ஒவ்வொரு கல்யாணத்தையும் மூணு டிஸ்க்ல வெச்சுட்டுத்தான் கார்டைக் கையில குடுப்பேன். போன ஆவணியில கார்த்தி வந்தான். குழந்தைக்குக் காதுகுத்து, வீடியோ எடுக்கணும். சந்தோஷமா நோட்டை எடுத்து யார் யார் முக்கியம்னு கேட்டு எழுதினேன். தாய்மாமன், அப்புச்சி, அம்மாயின்னு அம்மாவழித் தாத்தா பாட்டி எல்லாம் சொன்னான். "அத்தை? உங்க அக்கா?"ன்னு கேட்டேன்.

"அக்கா வராதுங்க. அம்மா வர்ற எடத்துக்கு அது வர்றதில்லை"ன்னான். ரெண்டு வருஷமா தாயும் மகளும் பேச்சு இல்லையாம். கல்யாண வீடியோவுல இணைச்சீரை அம்மா வெட்டச் சொல்லிட்டாங்கன்னு அக்காவுக்கு மனசு விட்டுப்போச்சாம். அந்த அம்மா கோயில்ல கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணியிருக்காங்க. மக நம்பலை. எடிட்டிங் பண்ற அம்மிணியே சொல்லுச்சுன்னு ஒரே வார்த்தையில நிறுத்திட்டாங்களாம். கார்த்திக்கும் அம்மா மேலதான் சந்தேகமாம். எனக்கு எழுதற கை நின்னுபோச்சு. அவன் அதைக் கவனிக்காம, போன்ல தேதியைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "எத்தனை கேமரா வேணும்னாலும் வெச்சுக்கங்க, எங்கம்மாளையும் எங்கக்காளையும் ஒரே பிரேம்ல எடுக்க மட்டும் ஆகாதுங்க."

முழங்கால்

அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டேன். வழக்கமா நான் சொல்றது கோபம், புறணி, பூசைக்கு லேட்டா வந்தது, அவ்வளவுதான். அன்னைக்கு ஃபோல்டர்லிருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டினேன். இம்போர்ட்னா என்னன்னு சாமியாருக்கு விளக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. பின்னால வரிசையில நின்னவங்க இருமினாங்க. சொல்லி முடிச்சதும் மனசு லேசாகும், ரெண்டு செபம் குடுப்பாரு, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன். அவரு செபம் குடுக்கலை. கேள்விதான் கேட்டாரு: "என்கிட்ட ஞாபகமா வந்து சொல்லிட்டியேம்மா, நல்லது, அந்தப் பொண்ணுகிட்ட எப்பச் சொல்லப்போறே?"

நாலு தறி

அண்ணன்கிட்ட லீவுன்னு மட்டும் சொல்லிட்டு, அதே ரெண்டு பஸ் மாறி பல்லடம் போனேன். சாந்தாமணி அக்கா வீட்டை ஒட்டியே தறிக்குடோன். நாலு விசைத்தறி ஓடுது, அவங்க ஒருத்தரே நாலுக்கும் நடுவுல நடந்து அறுந்த நூலை முடிஞ்சுட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பி ஓடிடலாமான்னு இருந்துச்சு. பஸ்ல உருப்போட்டுட்டு வந்ததை மெதுவாச் சொன்னேன். தறிச் சத்தத்துல ஒண்ணும் கேட்கலை. காதுகிட்டக் கையை வெச்சு, "கேக்கலீங்க, சத்தமாச் சொல்லுங்க"ன்னாங்க. இதைப் போய் எப்படிங்க சத்தமாச் சொல்றது? வேற வழி இல்லை, கத்தினேன். "உங்கம்மா சொல்லலீங்க! நான்தான் அழிச்சேன்! தெரியாம அழிச்சுட்டேன்!" அவங்க ஒரு தறியை நிறுத்தினாங்க. அடுத்ததை நிறுத்தினாங்க. நாலும் நின்னதும் குடோன்ல அவ்வளவு அமைதி. "இப்பச் சொல்லுங்க"ன்னாங்க.

சொன்னேன். டிஸ்க் நிறைஞ்சது, சிவப்புத் திரை, காந்திபுரம், திரையைப் பார்த்துக்கிட்டு நான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம். அவங்க தறியில மாட்டியிருந்த பாவு நூலையே பார்த்துட்டு இருந்தாங்க. திட்டினா நல்லா இருக்கும்னு இருந்துச்சு, திட்டலை. அப்புறம்தான் நான் மிச்சத்தையும் சொன்னேன். அவங்க மேடையில குனிஞ்சு நின்னப்ப கீழே நடந்ததை. பச்சைச் சேலை கட்டினவங்க காதுல சொல்ல வந்ததை. அம்மா திரும்பாம அவங்க வாயைப் பொத்தினதை.

அவங்க சட்டுனு நிமிர்ந்தாங்க. "பச்சைச் சேலையா? பெரியத்தை வாயையா?"

"யாருன்னு தெரியலீங்க. மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி."

"பெரியத்தைதான். அவங்க வாயை எங்க பரம்பரையில ஒருத்தரும் பொத்துனதில்லீங்க." கொஞ்சம் நிறுத்தி, என்னைச் சோதிக்கற மாதிரி பார்த்துக் கேட்டாங்க: "எந்தக் கையில பொத்துச்சு?"

கண்ணை மூடினேன். அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கேன்! "இடது கையில. வலது கையில ஒரு மஞ்சப் பையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சிருந்தாங்க."

"மண்டபத்துச் சாவி, மாத்திரை எல்லாம் அதுலதான். எங்கம்மா பையை உடாதுங்க"ன்னாங்க. சொல்லிட்டு அப்படியே தறி மேல சாய்ஞ்சு, சேலைத் தலைப்பை வாயில வெச்சு அடைச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். யார் யாரைத் தேத்தறதுன்னு தெரியலை, ரெண்டு பேரும் தனித்தனியா அழுதோம். அப்புறம் அவங்க முகத்தைத் துடைச்சுக்கிட்டு உள்ளே போனாங்க. பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. எட்டு நாள்ல காதுகுத்து; இவங்க வருவாங்களா மாட்டாங்களான்னு கேட்க எனக்கு வாய் வரலை. திரும்பி வர்றப்ப அவங்க வேற சேலை மாத்தியிருந்தாங்க, கையில ஒரே ஒரு டம்ளர் காப்பி. அதை என்கிட்ட நீட்டினாங்க. "ரெண்டு வருசம் எங்கம்மாகூடப் பேச உடாமப் பண்ணிப்போட்டீங்க, உங்களை நான் மன்னிக்கறதா இல்லீங்க, காப்பி ஆறுது, குடிங்க, குடிச்சுப்போட்டு என்ற கூட வந்து எங்கம்மாகிட்டயும் அந்தக் கையைப் பத்தி இப்படியே சொல்லுங்க."

மூணு வருஷத்துல வெட்டாம, ஒட்டாம, பாட்டுப் போடாம நான் குடுத்த ஒரே காட்சி அதுதானுங்க, அதையும் வாயாலதான் ஒரே நாள்ல ரெண்டு வீட்டுல ஓட்டிக் காட்டினேன்.